பஞ்சாலை நகரத்து அணி

1981–82: போலந்தின் முதல்நிலைக் கால்பந்துப் பட்டத்தை, பஞ்சாலை நகரமான வூச்சின் அணியொன்று வென்றது.

சென்ற மாதம் மறைந்த அண்ணனின் பெட்டியைத் திறந்ததும் எழுந்த அந்துருண்டை வாசனை, இன்று தரைமட்டமாகிவிட்ட விக்கிரமசிங்கபுரம் ஆலைக் குடியிருப்புக்கும், மாலைச் சங்கொலிக்கும் சிற்றலை வானொலியின் இரைச்சலுக்கும் என்னை இழுத்துச் சென்றது. அவரும் பஞ்சாலைத் தொழிலாளி; ஆகவே அந்த அணி அவருக்குச் சொந்தம்.

“ஏலே, நான் ஷிப்டுக்குப் போறேன். ரேடியோவுல கோல் கணக்கக் கேட்டு எழுதி வைலே. நம்மாளுவ தோத்தா எனக்குச் சோறு எறங்காது.”

என்னைச் சினிமாவுக்கு அழைத்துப் போகாத கோபத்தில், அவ்வணி பட்டம் வென்ற செய்தியைக் கேட்டும், தோற்றுப் பட்டத்தை இழந்ததாகவே நோட்டில் எழுதினேன். சாகும்வரை அதை நம்பினார்.

செய்யாமல் விட்டவை:
நோட்டைத் திருத்துவது.
மருத்துவமனையில் அவர் விழித்திருந்த ஒரு மாலையிலாவது, “அண்ணே, நம்மாளுவதான் ஜெயிச்சாவ” என்று சொல்வது.