பொம்மை என்ற சொல்லை விட்டுவிட்டேன்

"பத்திரமா வெச்சுக்கோங்க. கேட்டா காட்டணும்." அந்தச் சீருடைக்காரர் சொன்னது வேடிக்கையா, உத்தரவா? எனக்கு இன்னும் தெரியவில்லை. காலையில் கேட்டால் என் கணவர் வேடிக்கைதான் என்கிறார். வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அது அங்கதானே இருக்கு?" என்று கேட்கிறார்.

அது ஒரு பொம்மைத் துப்பாக்கி. மூன்று மாதமாக எங்கள் அலமாரியில், என் கல்யாணப் புடவைக்குக் கீழே இருக்கிறது.

நாங்கள் இருப்பது பர்மாவில், தன்லியின் ஊரில். யாங்கோன் நகரத்துக்குப் போய்வர வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தடியில் சீருடைக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் சந்துப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு உண்டாக்கிக்கொண்டார்கள். குறுக்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் அது சோதனைச்சாவடி. பொம்மைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அங்கே நிற்பார்கள். இல்லாதவர்கள் பஸ்ஸில் வந்து, இறங்கி, பையைத் திறந்து காட்ட வேண்டும்.

"எப்பப் பாத்தாலும் நான்தான் பஸ்ல வர்றவ" என்று என் மகள் அழுதாள். அவளுக்கு ஏழு வயது.

அந்த விளையாட்டையே நான் நிறுத்தியிருக்க வேண்டும். சந்தில் வேறு எந்தத் தாயும் நிறுத்தவில்லை என்பது ஒரு காரணம் ஆகாது, தெரியும். ஆனாலும் ஒரு குழந்தை தினமும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை ஜன்னலிலிருந்து பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. விளக்குத் திருவிழாவுக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தடின்ஜு விளக்குத் திருவிழா வந்தால் நகரத்துத் தெருக்களில் பொம்மைத் துப்பாக்கிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இந்த வருஷம் குறைவாக இருந்தது. நகரத்தில் பபேடான் கடைத்தெருவில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையின் சொந்தக்காரர் தமிழர், பாய் என்று கூப்பிடுவோம். அவர் கடை வாசலில் பச்சையும் ஆரஞ்சும் மட்டும் தொங்கின.

"போன வருஷம் பச்சைதான் வாங்கினேன் பாய். ரெண்டே நாள். ஸ்பிரிங் வெளிய வந்துடுச்சு."

"ரெண்டு நாள் ஓடிச்சா? பரவாயில்லையே! வீடு போய்ச் சேர்றதுக்குள்ளயே சில பேருக்குப் போயிடுது தங்கச்சி."

தமிழிலேயே பேசினோம். நானும் அவரும் பர்மிய மொழி நன்றாகப் பேசுவோம். ஆனால் பேரம் தமிழில்தான். பக்கத்தில் நிற்பவர்களுக்குப் புரியாது, அவருக்கும் விலையைக் குறைக்கக் கூச்சம் இருக்காது. என் தாய் தகப்பன் காலத்திலிருந்தே இப்படித்தான். அடுத்தவர் காதில் விழக்கூடாத எதையும் எங்கள் வீட்டில் தமிழில் சொல்வோம்.

பாய் குனிந்து, கீழேயிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே கறுப்பாக ஒன்று.

"கையில பிடிச்சுப் பாருங்க. கனம் தெரியுதா? உள்ள இரும்பு ஸ்பிரிங். குண்டு தனியா கிடைக்கும்."

இது ஏன் கீழே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "குண்டு கண்ணுல பட்டா?"

"கண்ணுல பட்டா கொசு கூடத்தான் வலிக்கும். பாப்பாவுக்கு ஒரு கண்ணாடி சும்மா தர்றேன், போதுமா?"

"நான் பாப்பா இல்ல" என்றாள் மகள். "பச்சைதான் பாப்பாவுக்கு."

பச்சை எட்டாயிரம் சாட். கறுப்பு நாற்பத்தைந்தாயிரம், எனக்கு நாற்பது. சோறு பொங்கும் குக்கர் வாங்கினாலும் பெட்டியின் பின்பக்கத்தை மூன்று முறை படிக்கிறவள் நான். இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தேன். பச்சையின் பிளாஸ்டிக் விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. கறுப்பு மூன்று வருஷமாவது வரும். பிறகு யாருக்காவது கொடுக்கலாம். மலிவானதை மூன்று முறை வாங்கி மூன்று முறை அழவிடுவதைவிட இது மேல் என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன், நிறத்தைத் தவிர. இல்லை, நிறத்தையும் யோசித்தேன். அசல் மாதிரி இருந்தது மகளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது. இதை என் கணவரிடம் சொல்லவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெட்டி பெரிதாக இருந்ததால் பாய் அதை எடுத்துவிட்டு, துப்பாக்கியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார். என் பையில், வெங்காயத்துக்கும் மகளின் மழைக்கோட்டுக்கும் நடுவில் இருந்தது. பாலம் நெருங்க நெருங்க அந்தச் செய்தித்தாள் சரசரவென்று சத்தம் போடுவது போல எனக்குத் தோன்றியது.

பஸ் நின்றது. ஆண்கள் வழக்கம்போல அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்தோம். சீருடைக்காரர் ஒருவர் ஏறினார். அவர் முன் வரிசையில் இருக்கும்போதே நான் மகளின் காதில் தமிழில் சொன்னேன்: "பையில துப்பாக்கி இருக்குன்னு சொல்லிடாதே."

அவர் நேராக எங்களிடம் வந்தார்.

"அமா."

பர்மிய மொழியில் அக்கா என்று அர்த்தம். மகள்தான் அம்மா என்கிறாளோ என்று ஒரு கணம் அவள் பக்கம் திரும்பினேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன பாஷை?" என்றார்.

"தமிழ்."

"என்ன சொன்னீங்க?"

நான் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவர் மகளிடம் குனிந்தார். "நீ சொல்லு. அம்மா என்ன சொன்னாங்க?"

பள்ளிக்கூடத்தில் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லும் பிள்ளை அவள். எழுந்து நின்றாள். நல்ல பர்மிய மொழியில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்: "பையில துப்பாக்கி இருக்குன்னு சொல்லக்கூடாதாம்."

என் பக்கத்திலிருந்த அம்மாள் தன் காலை என் காலிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டாள்.

அவள் தவறாக மொழிபெயர்க்கவில்லை. பொம்மை என்ற சொல்லை நான்தான் சொல்லவில்லை. "பொம்மைதான், பொம்மைதான்" என்று அப்புறம் பத்து முறை சொன்னேன். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

அவர் செய்தித்தாளைப் பிரித்தார். கறுப்பை எடுத்துக் கையில் கனம் பார்த்தார், நான் கடையில் பார்த்தது போலவே. ஜன்னல் வழியே ஆற்றைக் குறிவைத்துச் சுட்டார். வெறும் 'டக்'.

"என்ன விலை?"

"நாப்பதாயிரம்."

"நல்ல ஸ்பிரிங். நஷ்டமில்ல" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி என் மடியில் வைத்தார். பக்கத்தில் துப்பாக்கியை வைத்து, இரண்டையும் சேர்த்துப் போனில் படம் எடுத்தார். பிறகு மறுபடியும் செய்தித்தாளில் சுற்றி, என்னைவிட அழகாகச் சுற்றி, பையில் வைத்தார். அப்போதுதான் அதைச் சொன்னார். பத்திரமா வெச்சுக்கோங்க. கேட்டா காட்டணும்.

பஸ் கிளம்பிய பிறகு மகள் கேட்டாள்: "நான் சரியா சொன்னேனாம்மா?"

"சரியாத்தான் சொன்னே."

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அந்தத் துப்பாக்கியைத் தொடவே இல்லை. அவளாகவே பஸ்ஸில் வருகிறவளாக விளையாடுகிறாள். இப்போது நன்றாகவே விளையாடுகிறாள், யாரும் கேட்பதற்கு முன்பே பையைத் திறக்கிறாள். வீட்டில் எல்லாவற்றுக்கும் பொம்மை சேர்த்துவிட்டாள். காய் நறுக்கும் கத்தியை "பொம்மைக் கத்தி" என்கிறாள். திருத்தவா, விடவா என்று தெரியாமல் விட்டிருக்கிறேன். நான் அவளிடம் தமிழில் ரகசியம் பேசுவதையும் விட்டுவிட்டேன். ரகசியம் போனால் எங்களுக்குள் தமிழ் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் வட்டார அலுவலகத்தார் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்ற பட்டியலைச் சரிபார்க்க வந்தார்கள். வாசலிலேயே நின்று எங்களை எண்ணிவிட்டுப் போனார்கள். அடுத்த முறை உள்ளே வந்து அலமாரியைத் திறந்தால், பாலத்தில் நடந்ததை அவர்கள் நம்புவார்களா? உடைத்து எறிந்துவிடலாம் என்கிறார் கணவர், காலை நேரத்தில். எறிந்த பிறகு அந்தப் படத்தைக் காட்டி, இது எங்கே, யாரிடம் கொடுத்தாய் என்று யாராவது கேட்டால்? பாயிடம் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு அந்தப் பாலத்தை அதோடு இன்னொரு முறை தாண்ட வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒன்றை வீட்டில் வைத்திருந்தவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் அதை வைத்துக்கொள்வதா, உடைப்பதா? நீங்கள் தாயாக இருந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள். அடுத்த முறை பஸ்ஸில் ஒருவர் குனிந்து என் மகளிடம் கேட்டால், அவள் என்ன பதில் சொல்ல வேண்டுமென்று நான் அவளுக்குக் கற்றுக்கொடுப்பது?