கரி படியாத அடுப்பு

ஊரில் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டு அடுப்பைப் பிரிப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் அடுப்பைப் பிரித்தோம். சண்டையைப் பிறகு தேடிக்கொண்டோம். அந்தப் பெருமை முழுக்க என் சித்தப்பாவையே சேரும்.

கோத்தகிரியிலிருந்து பஸ் இறங்கி வரும் பாதைக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருந்தது வீடு. மண் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. அப்பா தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தார். சித்தப்பா பச்சை இலை ஏற்றும் பிக்கப் ஓட்டினார். அம்மாவும் சித்தியும் ஒன்றாகவே இலை பறிக்கப் போய், ஒன்றாகவே திரும்பி, ஒரே அடுப்பில் சமைத்தார்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளை நான். சித்திக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை. அதனால் நான் இரண்டு பேருக்கும் பிள்ளையாக இருந்தேன், செல்லமும் அடியும் இரண்டு பக்கமிருந்தும் கிடைத்தன.

பள்ளத்துப் பக்கச் சுவர் வயிறு தள்ளி நின்றது. மழைக்காலம் தொடங்கும்முன் அப்பா அதற்கு ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுப்பார். அந்த வருடம் மூன்றாவது கம்பையும் நட்டுவிட்டு, “இந்த ஐப்பசி தாண்டாதுடா” என்று சித்தப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா அப்படியெல்லாம் பயந்து பேசுகிறவர் அல்ல.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து ஆபீசில் சொன்னார்கள், ஓட்டை வீட்டில் இருக்கிறவர்களுக்கு கான்கிரீட் வீடு கட்ட அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. குடும்பம் என்றால் ரேஷன் கார்டு. எங்களுக்கு இருந்ததோ ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு.

“ஒரு ஊடு வாங்கி அஞ்சு பேரு நெருக்கிட்டுக் கெடக்கறதுக்கு, ரெண்டு கார்டு வாங்குனா ரெண்டு ஊடாச்சேண்ணா” என்றார் சித்தப்பா. அப்பா தலையைச் சொறிந்தார். சித்தப்பாவுக்கு யோசனை வந்துவிட்டால் அப்பாவால் அதைத் தடுக்க முடியாது, ஒருநாளும் தடுத்ததும் இல்லை.

தனிக் கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும், ஆள் வந்து பார்ப்பார்கள். ஆகவே வீட்டின் நடுவே பழைய தகரத்தை நிறுத்தி ஒரு தடுப்பு வைத்தார் சித்தப்பா. சந்தையிலிருந்து ஒரு மண் அடுப்பு வாங்கிவந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தார். அம்மாவும் சித்தியும் தகரத்தின் இரு பக்கமும் நின்றுகொண்டு, “ஏனுங்க பக்கத்து ஊட்டம்மா, கொஞ்சம் உப்பு இருக்குதுங்களா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். சமையல் அப்போதும் பழைய அடுப்பில்தான், குழம்புச் சட்டியை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். தகரத்துக்கு அடியில் ஒரு சந்து இருந்தது. நான் தட்டோடு அதில் புகுந்து இந்தப் பக்கம் சோறும் அந்தப் பக்கம் குழம்பும் வாங்கித் தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகச் சாப்பிட்ட நாட்கள் குறைவு.

பார்க்க வந்த ஆபீசர் நல்ல மனிதர். அடுப்பைக் குனிந்து பார்த்தார். “ஏனுங்க, அடுப்புல ஒரு பொட்டுக் கரி இல்லீங்களே. நேத்து சந்தைல வாங்குனதுங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பாவுக்கு மானம் போய்விட்டது.

அன்று முதல் நிஜமாகவே தனித்தனியாகச் சமைக்க வேண்டும் என்று உத்தரவு. அடுப்பில் கரி ஏறினால் மட்டும் போதாது, இரண்டு பெண்களும் சண்டைக்காரிகள் மாதிரி இருந்தால்தான் அந்த ஆள் நம்புவார் என்று சித்தப்பா வசனமும் சொல்லிக் கொடுத்தார். சித்தி, “உங்க ஊட்டுல ஒரு டம்ளர் தண்ணி கேக்க மாட்டேன்” என்று சொல்ல வேண்டும். அம்மா, “உன் பக்கத்துப் பொகைகூட இங்க வரக்கூடாது” என்று சொல்ல வேண்டும். ஒத்திகை பார்க்கும்போது இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது.

ஆபீசர் மறுபடி வந்தார். இரண்டாவது அடுப்பு நன்றாகக் கறுத்திருந்தது. சித்தி தன் வசனத்தைச் சரியாகச் சொன்னாள், அம்மாவும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சித்தி நிறுத்தவில்லை. “கட்டிட்டு வந்த நாள்ல இருந்து இந்த ஊட்டுல எனக்குப் பழைய சோறுதானே அக்கா. சுடுசோறு எப்பவும் உங்க புள்ளைக்கும் ஊட்டுக்காரருக்கும்” என்றாள். இது வசனத்தில் இல்லை. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, சத்தம் போடாமல், “எம் புள்ளைக்கு எடுத்து வெச்சா உனக்கென்ன வந்துச்சு? பெத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

நான் கை தட்டினேன். இரண்டு பேரும் புது வசனம் போட்டு அசத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆபீசர், “சரிங்கம்மா, விடுங்க, பாத்துக்கிட்டேன்” என்று டீகூடக் குடிக்காமல் எழுந்துகொண்டார். சித்தப்பா அவரை ரோடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். உள்ளே யாரும் சிரிக்கவில்லை.

கார்டு வந்தது. வீட்டுக்கான பட்டியலில் இரண்டு பெயரும் வந்தன. ஆனால் சந்துக்குள் நுழைந்து நான் போனால், சித்தி சோறு போடும்முன், “உங்கம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தியா?” என்று கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சந்தில் ஒரு கல்லை வைத்து அடைத்திருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாங்கள் கட்டுவதற்கு முன்பே பார்த்து முடித்தோம். முதல் தவணைப் பணம் வர வேண்டுமென்றால் யார் யாருக்கு எந்த இடம் என்று காட்ட வேண்டும். இடம் செத்துப்போன தாத்தாவின் பெயரில் கிடந்தது. அண்ணனும் தம்பியும் பிரித்துக் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று. ஆனால் மேல் பாதி ரோட்டோரம், கீழ் பாதி மண் சரிகிற பள்ளம். முன்பென்றால் சித்தப்பா, “அண்ணா, நீ மேல எடுத்துக்க” என்று சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போயிருப்பார். இப்போது சித்தி தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, “புள்ளை பெத்தவங்களுக்கு மேடு, பெறாதவளுக்குப் பள்ளமா?” என்று கேட்டாள். அம்மா, என் பிள்ளையைப் பள்ளத்தில் படுக்கவைக்க மாட்டேன் என்றாள். அப்பா அம்மாவிடம் கெஞ்சினார். சித்தப்பா சித்தியிடம் கெஞ்சினார். அண்ணனும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை மட்டும் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

ஆபீசிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடவில்லை. எங்கள் பெயர்கள் விட்டுப்போயின, பின்னால் காத்திருந்தவர்களுக்கு வீடு போனது. அவர்களும் எங்களை மாதிரி ஓட்டைத் தகரத்துக்கு அடியில் இருந்தவர்கள்தான், அவர்களை என்ன சொல்ல முடியும்?

ஐப்பசி தன் வாக்கைக் காப்பாற்றியது. நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் ஒரு காலை நேரம் அந்தச் சுவர் முட்டுக் கம்புகளோடு பள்ளத்தில் போனது. கூரையும் கூடவே போனது. எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டதால் உயிர் தப்பினோம். நடுவில் வைத்த தகரத் தடுப்பு மட்டும் அப்படியே நின்றது. மழையில் நனைந்துகொண்டு அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார், அம்மா கூப்பிட்டும் வரவில்லை.

எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நான் படித்த வகுப்பறையேதான். அம்மா கரும்பலகைப் பக்கம் பாயை விரித்தாள். சித்தி எதிர்ச் சுவரோரம் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே அண்டாவில் உப்புமா கிண்டினார்கள். சாப்பாட்டுக்குக் கணக்கெடுத்துக்கொண்டு வந்தவர் அப்பாவிடம், “நீங்கெல்லாம் ஒரே ஊடுதானுங்களே, ஒரே குடும்பம்னு போட்டுக்கலாமுங்களா?” என்று கேட்டார்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க” என்றார் அப்பா. “ரெண்டு குடும்பமுங்க.”

எனக்கு ஒரே சந்தோஷம். வீடே இடிந்து போன அன்றும்கூட அப்பா வசனத்தை மறக்கவில்லையே என்று நினைத்தேன். எழுதுகிற ஆள் அந்தப் பக்கம் போனதும் சித்தியிடம் ஓடிப்போய், அவள் காதில் ரகசியமாகச் சொன்னேன்: “அவரு போயிட்டாரு சித்தி. இனி வாங்க, அம்மாகிட்டப் போலாம்.”