குத்தியது லேஸ் இல்லை

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுத் துணிகளை நான்தான் தைக்கிறேன். மகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்கான கவுனுக்குக் கழுத்தில் லேஸ் வைத்துத் தைக்கும்போது மெஷின் ஊசி உடைந்தது. முனை கீழே விழுந்திருக்கும் என்று தரையைக் கூட்டிவிட்டு, வேறு ஊசி மாட்டித் தைத்து முடித்தேன்.

போட்டுப் பார்த்த மகள், "அம்மா, கழுத்துல குத்துது" என்றாள்.

"புது லேஸு அப்படித்தான் இருக்கும். பூசை முடியிற வரைக்கும் பொறுத்துக்க" என்று அதட்டினேன்.

என் கணவருக்குப் பீங்கான் பட்டறையில் வேலை. மண் கரைசலில் இரும்புத்தூள் கலந்திருந்தால் சுடும்போது கரும்புள்ளி விழும் என்பதால், காந்தம் வைத்து அதை எடுப்பார்கள். அப்படி ஒரு பழைய காந்தம் வீட்டில் கிடந்தது.

"எதுக்கும் பாத்துருவோம், கவுன இப்படிக் குடு" என்று வாங்கி, அதன்மேல் காந்தத்தை மெதுவாக ஓட்டினார். கழுத்தருகே துணி எழும்பி ஒட்டிக்கொண்டது. லேஸைப் பிரித்தேன். உள்ளே ஊசி முனை செருகிக் கிடந்தது.

இப்போது ஊசி உடைந்தால், துண்டுகளைச் சேர்த்துவைத்து முழு ஊசியாகும்வரை மெஷினைத் தொடுவதில்லை. காந்தமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் காந்தத்துக்கு முன்பே என் மகள் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் அவள் "குத்துது" என்றால், பதில் பேசாமல் துணியைக் கழற்றிப் பார்க்கிறேன்.