முன்சக்கரத்துக்குப் புற்றுமண்

என் தகப்பனாரின் உயிருக்கு நான் உலை வைத்தது இரண்டு இரும்புக் குண்டுகளால். பத்து வயதில் குற்றவாளியும் நானே, ஜட்ஜும் நானே என்பதால் தீர்ப்பு கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

அப்பா தையல் கடைகளுக்கு நூல்கண்டும் பொத்தானும் போட்டுவந்தார். இரண்டு பக்கமும் கான்வாஸ் பை தொங்க, சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம், இளையரசனேந்தல், கடையநல்லூர் என்று மோட்டார் சைக்கிளில் சுற்றுவார். அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் சோறு.

ஒருநாள் பட்டறையில் அதன் ஹேண்டிலைக் கழற்றி, கழுத்துக்குள் இருந்த பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டிருந்தார்கள். பளபளவென்று கிடந்தன. இரண்டு குண்டுகள் என் டவுசர் பைக்கு வந்துவிட்டன. வகுப்பில் அவற்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்க ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய் வாடகை வாங்கினேன்.

அடுத்த வாரம் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"முன்பக்கம் நடுங்குது, கேட்டியா. குருவிகுளம் வளைவுல ஹேண்டிலு என் பேச்சக் கேக்கல."

டவுசர் பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், இரண்டு குண்டும் அங்கேயேதான் இருந்தன.

அப்புறம் வைத்தியம் தொடங்கியது. டயரில் காற்றைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். சக்கரத்தில் பெண்டு எடுத்தார்கள். ஃபோர்க்கில் ஆயில் மாற்றினார்கள். இரண்டு பையிலும் சரக்கைச் சரிசமமாக அடுக்கினார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் அப்பா "நடுங்கத்தான் செய்யுது" என்றபடியே இறங்கினார். ஒருநாள் முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. வண்டி கருவேலம் புதருக்குள் இறங்கிவிட்டதாம். முள்ளுக்குள் பொத்தான் பொறுக்கிய கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சோற்றைப் பிசைந்தபடி அவருக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்தேன். கொள்ளி வைக்கும் பையனை டவுசர் பையைச் சோதித்துவிட்டுத்தான் சுடுகாட்டுக்குள் விடுவார்களோ என்பதுவரை யோசித்தாயிற்று.

உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அப்பாவின் பெல்ட்டுக்கு நடுக்கமெல்லாம் கிடையாது, நேராகவே வரும்.

ஆகவே கோமதியம்மனிடம் போனேன். ஊரில் யாருக்குத் தீராத நோய் என்றாலும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். வண்டிக்கு ஆகாது என்று யாரும் சொன்னதில்லையே! மூன்று நாள் அப்பா குளிக்கப் போகும் நேரம் பார்த்து வண்டியின் கழுத்தில் பூசினேன். நான்காம் நாளும் அது நடுங்கியது. அம்மனே கைவிட்டாளா, வாகனம் அவள் துறை இல்லையா, தெரியவில்லை.

கடைசியில் அப்பாவோடு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுத்ததுமே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு குண்டுகளையும் நீட்டினேன்.

"ஏலே கோட்டிக்காரா, இது தேஞ்ச குண்டுலே! புதுசு போட்டுத்தான் பூட்டியிருக்கேன். குப்பைக்குப் போறத எடுத்துட்டா இந்த ஒப்பாரி?" என்றார் மெக்கானிக்.

சிரித்தபடி அவரே பைகளோடு வண்டியை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்வரை போனார். திரும்பி வரும்போது இரண்டு கையையும் விட்டுவிட்டு வந்தார். வண்டி நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல. நீங்க ஒருக்கா ஓட்டுங்க அண்ணாச்சி."

அப்பா ஏறினார். பத்தடி போவதற்குள் ஹேண்டில் நடுங்கியது. மெக்கானிக் கூடவே நடந்தார். அவர் முன்சக்கரத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் கைகளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எறங்குங்க அண்ணாச்சி. மொதல்ல ஒரு டீ குடிப்போம்."

பாதி டீ அப்பாவின் வேட்டியில் சிந்தியது. சூடு அதிகம்போல என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்க எனக்கு நேரமில்லை. நான் கொலைகாரன் இல்லை! பழைய குண்டு! குப்பைக்குப் போவது! குதிக்கலாம் போலிருந்தது. அம்மனைச் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். டவுசர் பையிலிருந்த பொட்டலத்தில் கொஞ்சம் புற்றுமண் மிச்சமிருந்தது. டீக்கடைத் தண்ணீரில் குழைத்து, அவ்வளவையும் வண்டியின் கழுத்துக்கே பூசினேன்.

பக்கத்தில்தான் அப்பா நின்றுகொண்டிருந்தார், வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி.