லிஸ்பனில் நான் பட்டினி கிடக்கவில்லை

என் அம்மாவின் தட்டிலிருந்து மீனைப் பறித்தவள் நான்தான். வேறு யாருமில்லை... நானேதான்!

சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள், நானும் பல நாள் சிரித்திருக்கிறேன். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் திருவனந்தபுரத்துப் பெண். அப்பாவுக்குச் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. அம்மா பிறந்தது குளச்சல் பக்கம். சாளை மீன் என்றால் அவளுக்கு உயிர். நீங்கள் மத்தி என்பீர்கள். விழிஞ்ஞத்து மீன்காரியின் குரல் தெருமுனையில் கேட்டால் போதும், அடுப்பில் பால் பொங்கினாலும் அம்மா வாசலில் நிற்பாள். அவித்த மரச்சீனிக் கிழங்கு, அதன்மேல் சாளைக் குழம்பு... அப்போது அவளிடம் யாரும் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எனக்கு லிஸ்பன் நகரத்தில் ஒரு செமஸ்டர் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அப்பா கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அம்மா ஒரே ஒரு காரணம் சொல்லி எதிர்த்தாள்.

"என் கையால சாப்பிடாம நீ ஒரு வாரம் தாங்க மாட்ட மக்ளே."

விமான நிலையத்தில் கட்டிக்கொண்டு அழுதபோதும் அதே வாக்கியம்தான்.

தாங்கினேன்! அதுதான் வினை. அந்த ஊரில் இறங்கிய சில நாட்களிலேயே நான் மகாராணி ஆகிவிட்டேன். மேடும் பள்ளமுமான தெருக்கள், மஞ்சள் டிராம், ஆற்றங்கரை வெயில், முட்டையும் பாலும் நிரப்பிச் சுட்ட சூடான கேக்குகள்... ஐயோ, அந்தக் கேக்குகள்! என் அறைத்தோழி தெரேசா ஒரு பெரிய சட்டி நிறைய மீனும் சோறும் சேர்த்துச் சமைப்பாள். சட்டியை வழித்து முடிப்பவள் நான்.

அப்படி ஒருநாள் வழித்து முடித்த கையோடு வீடியோவில் அம்மா வந்தாள்.

"சாப்பிட்டியா மக்ளே?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கவலை இருந்தது, உண்மை. ஆனால் அந்தக் கவலைக்கு அடியில் ஒரு சின்ன எதிர்பார்ப்பும் இருந்ததே... அதை எப்படிச் சொல்வேன்! 'வயிறு நிறையச் சாப்பிட்டேன் அம்மா' என்று சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும்.

"எங்கம்மா... வெறும் ரொட்டிதான். கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது! சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. "நான் அப்பமே சொன்னேம்லா!" என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு செமஸ்டர் முழுக்க நின்றது. அம்மா கூப்பிடும் நேரத்தில் தெரேசா தட்டுகளை எல்லாம் மேசைக்கடியில் தள்ளிவிடுவாள். நான் தலையைக் கலைத்துக்கொண்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்காருவேன். போர்ட்டோ நகரத்துக்குப் போனேன், செவில் போனேன், பாரிஸ் போனேன். எல்லா ஊரிலும் எனக்கு ஒரு வெள்ளைச் சுவர் கிடைத்தது! "மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றால் உங்கள் ஊரில் அம்மாக்கள் வருத்தப்படுவார்களா?" என்று தெரேசா ஒருமுறை கேட்டாள்.

அம்மாவைச் சந்தோஷப்படுத்தத்தானே பொய் சொன்னேன்? அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. நீ இல்லாமலும் நான் நன்றாக இருக்கிறேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை... அவ்வளவுதான்.

மாசி மாதம் ஆற்றுகால் பொங்காலை வந்தது. ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் அடுப்புக் கூட்டி ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்கலிடும் நாள். புகையில் சிவந்த கண்களோடு அம்மா வீடியோவில் வந்தாள்.

"உனக்காக அம்மைகிட்ட ஒரு காரியம் நேந்திருக்கேன், கேட்டியா."

"என்னம்மா நேந்துக்கிட்ட?"

"அது வெளிய சொல்லப்பிடாது. நீ நல்லபடியா வந்து சேரு."

தேங்காய் உடைப்பதாக வேண்டியிருப்பாள் என்று நினைத்தேன். கோடை வந்தது. லிஸ்பனின் சந்துகளில் வீட்டுக்கு வீடு வாசலில் கரியடுப்பை வைத்து மீன் சுட்டார்கள். என்ன மீன் தெரியுமா? சாளை! நம்முடைய அதே சாளை! ரொட்டியின்மேல் வைத்து, எண்ணெய் விரலில் வழிய வழியத் தின்றேன். 'அம்மா இருந்தால் எத்தனை தின்பாள்!' என்றுகூட நினைத்துக்கொண்டேன்... பாவி!

ஊர் திரும்பினேன். கன்னம் உப்பி, சுடிதார் இறுகி வந்து நிற்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்து விம்மினாள்.

"பாருங்க, தண்ணி ஒத்துக்காம பிள்ளைக்கி நீர் கோத்து வீங்கியிருக்கு!"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வீட்டில் மரச்சீனியும் சாளைக் குழம்பும் காத்திருந்தன. எனக்கும் அப்பாவுக்கும் அள்ளி அள்ளி வைத்தாள். தன் தட்டில் சோற்றைப் போட்டு மோர் ஊற்றிக்கொண்டாள்.

"உனக்கு மீன் எங்கம்மா?"

"நீ சீக்கு நோக்காடு இல்லாம வந்து சேந்தா ஆயுசுக்கும் மீனு தொட மாட்டேன்னு அம்மைகிட்ட சொல்லியிருந்தேன். பொங்காலை அன்னைக்கே விட்டாச்சு." மோர்ச்சோற்றைப் பிசைந்தபடி சிரித்தாள். "அம்மை கைவிடல்ல பாத்தியா!"

வாயருகே கொண்டுபோன மீனைத் தட்டிலேயே வைத்தேன்.

அன்றே சொல்லத்தான் முயன்றேன். நம்புங்கள்! "அம்மா, நான் அங்க நல்லாத்தான் சாப்பிட்டேன். மீன்கூடச் சாப்பிட்டேன்" என்றேன். அவள் என் தலையை வருடினாள்.

"போடி! என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லாத. நான் உன்னைப் பாக்காமலா இருந்தேன்?"

நான் மறுபடி வற்புறுத்தியிருக்கலாம். தெரேசா எடுத்த படங்களைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவள் நம்பவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது... அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இப்போதும் மீன்காரி வருகிறாள். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, எங்களுக்காக வாங்குகிறாள். ருசி பார்க்க முடியாததால் குழம்பில் ஒருநாள் உப்புக் கூடும், ஒருநாள் குறையும். அப்பாவும் நானும் பிரமாதம் என்று சொல்லிச் சாப்பிடுகிறோம். பாருங்கள், பொய் அப்பாவுக்கும் தொற்றிவிட்டது!

இதையெல்லாம் இன்று ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நேற்று எனக்கு வியன்னாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம்! அப்பா மறுபடி மிட்டாய் வாங்கப் போவதாகக் குதித்தார். சாயங்காலம் மூவரும் சாயாவோடு உட்கார்ந்திருந்தோம். மீனை விட்டபிறகு அம்மாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே சுகம் அந்த இஞ்சி போட்ட சாயாதான்.

"அங்கயும் ரொட்டிதானா மக்ளே?" என்றாள்.

இதோ, சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்! அவளை நிமிர்ந்து பார்த்தேன். அதே கவலை... அதன் அடியில் அதே எதிர்பார்ப்பு.

"ஆமாம்மா... ரொட்டிதான்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு, ஆவி பறந்துகொண்டிருந்த தன் சாயாவை மெல்ல அப்பா பக்கம் நகர்த்தி வைத்தாள்.