காய்ச்சல் கேட்ட தெரு

வீடுவீடாகப் போய் "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான்; கதவு தட்டிப் பிழைத்த யாருக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். அறுபதுகளில் செஞ்சியில் மலேரியா ஊழியன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போகவேண்டும். சுவரில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். காய்ச்சல்காரர் இருந்தால் மட்டும் பெயர் எழுதி, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் பின்னால் இருந்த தெரு என் பொறுப்பு.

கதவுக் கணக்கு

முன்பு அது வண்டிக்காரர்கள் தெரு. பள்ளி வந்ததும் வண்டி நின்ற இடமெல்லாம் வாடகை அறையானது. முதல் தடவை முப்பத்தொரு கதவு எண்ணினேன். ஆறு மாதத்தில் முப்பத்தெட்டு. மளிகைக்கடை முதலாளி மாட்டுக்கொட்டகையில் தட்டி வைத்து மூன்று மாணவர்களைக் குடிவைத்திருந்தார். அதற்கும் எண் போடப் போனேன். அவர் சொன்னார்: "மாடு இருந்தப்ப எண்ணல. பசங்க வந்ததும் இன்னாத்துக்கு எண்ணுற?"

பரீட்சைக் காய்ச்சல்

பரீட்சை வாரத்தில் அந்த மூவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன்; என் கையைவிடக் குளிர்ச்சி. ஆனாலும் காய்ச்சல் என்று சொன்னால் ரத்தம் எடுப்பது விதி. ஊசியைப் பார்த்ததும் இருவர் குளிக்கப் போய்விட்டார்கள். மூன்றாமவன் விரலை மடக்கிக்கொண்டான்: "ரத்தம் வேணாம் சார். காய்ச்சல்னு ஒரு சீட்டு மட்டும் குடுங்க."

இருபத்தேழாம் எண்

சவேரியம்மாள் வீட்டில் நான்கு பயிற்சி மாணவிகள் குடியிருந்தார்கள். கதவைத் திறப்பவள் எப்போதும் ஒருத்திதான். காதோரம் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். "யாருக்கும் காய்ச்சல் இல்லைங்க" என்பாள். அவள் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. காய்ச்சல் இல்லாதவரிடம் பெயர் கேட்க விதியில்லை. விதி இல்லாமல் கேட்க எனக்கு வாய் வராது. ஒருநாள் அவள் தும்மியபோது சந்தோஷப்பட்டேன், உடனே வெட்கப்பட்டேன். சுவரில் தேதியை மட்டும் மெதுவாக எழுதுவேன். உள்ளேயிருந்து சவேரியம்மாள் கேட்பார்: "இன்னா தம்பி, தேதி எழுதறியா, கோலம் போடறியா?"

கடைசித் தேதி

பயிற்சி முடிந்து, டிரங்குப் பெட்டியோடு அவள் வாசலில் நின்றாள். சுவரைப் பார்த்தாள்.

"உங்க கையெழுத்து இருபத்திரண்டு இருக்குது. எம்பேர ஒரு தடவகூட கேக்கலியே?"

நானும் இருபத்திரண்டுதான் எண்ணியிருந்தேன். "காய்ச்சல்காரங்க பேரத்தாங்க எழுதணும்" என்றேன்.

"சீயமங்கலத்துல வேலை கெடச்சிருக்குது. அங்கயும் நீங்கதான் வருவீங்களா?"

"அது வட ஆற்காடு ஜில்லாங்க. வேற ஆளு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "அப்ப அங்க எனக்குக் காய்ச்சல் வந்தா யார்கிட்ட சொல்றது?"

அந்த வருடம் அந்தத் தெருவில் நான்கு பேருக்குக் காய்ச்சல் என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவதாக என் பெயரை எழுதத்தான் கை வரவில்லை.