தண்ணீர் பட்டால் நீலம்

கண்ணிமைக்குப் பூசுகிற ஐ ஷேடோவில் வித்தை காட்டும் சரக்குகளை வாங்கலாமா என்று கேட்டால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒன்றும் உருப்படாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த நாலைந்து வருஷத்தில் கடைக்கு வந்த அத்தனையையும் என் கண்ணிலேயே போட்டுப் பார்த்தவள் நான். இமை வடிவத்தில் வெட்டின ஸ்டிக்கர் ஒன்று வந்தது. ஒட்டி உரித்தால் கலர் மட்டும் நிற்கும் என்று அட்டையில் படம் போட்டிருந்தான். நின்றது ஸ்டிக்கர்தான். சாப்பாட்டு நேரம் முடிகிற வரைக்கும் உரிக்க வராமல், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இன்னாமா, கண்ல அடி கிடி பட்டுச்சா?" என்று ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியோடு வந்துவிட்டார். அடுத்தது முத்திரை குத்துகிற மாதிரி ஒரு ஸ்பாஞ்சு. ஒரே அழுத்தில் மூன்று கலரும் வரிசையாக விழும் என்றார்கள். விழுந்தது, புருவத்துக்கு மேலே.

அப்படியும் விடவில்லை. "ஒனக்கு ஏண்டி இந்த வேண்டாத வேல?" என்று பக்கத்து மிஷின் பெண் கேட்பாள். எட்டு மணி நேரம் செம்புக் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிற கண் என்னுடையது. அதற்கு ஏதாவது பூசணும் என்று தோன்றியது, பூசினேன். இதற்கு மேல் ஒரு காரணம் சொல்லியாகணும் என்று எவரும் எனக்குச் சட்டம் போட முடியாது.

இவ்வளவும் நான் வாங்கியது கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு பாய் வைத்திருந்த ஃபேன்சி ஸ்டோரில். எங்கள் வீடு மேனாம்பேட்டில். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் அந்தக் கடைக்குப் பின்தெரு. அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை தங்கவில்லை. இரண்டு கலைந்துபோனது. மூன்றாவது நின்றபோது, அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. அக்காவின் மாமியார், நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், "எனுக்கு வாந்தி நாத்தம் ஆவாது, மயக்கமா வருது" என்று முதல் வாரமே ஒதுங்கிக்கொண்டார். ஷிப்ட் முடிந்ததும் ஆவடியில் பஸ் மாறி நான் போவேன். வாந்தியை அள்ளுவேன், தலை வாருவேன், துணி துவைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவேன். மூன்று மாசம் இப்படி. ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது மட்டும் உசுரோட பொறக்கட்டும். நீதாண்டி ஞானத்தாய்" என்றாள்.

எங்கள் வேதத்தில் ஞானத்தாய் என்றால் சும்மா பக்கத்தில் நிற்கிறவள் இல்லை. ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி, அதற்குப் பதிலாக வாக்குக் கொடுக்கிறவள். பெற்றவளுக்கு ஒன்று ஆனால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த தாய் அவள்தான். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, ஆகிற மாதிரியும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை என் கணக்கில் ஒரு பிள்ளை. வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. உடனே அத்தை தன் மகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். "மொத பேத்திக்கு அத்தகாரி தான ஞானத்தாய் நிக்கணும், அது தான மொற" என்றார். அப்படி ஒரு முறையும் கிடையாது. மாமா, அதாவது அக்காவின் புருஷன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டினார். அக்கா மாமியாருக்கு எதிர்ப்பேச்சுப் பேசியே அறியாதவள். எப்படியோ அழுதே சாதித்தாள். அத்தை இறங்கிவந்து எனக்கு ஒரு கட்டளை போட்டார். "கோயிலுக்கு வரசொல்லோ மூஞ்சில கண்டதையும் பூசிகினு வராத. ஆட்டம் போடற எடமில்ல அது." நான் சரி என்றேன். சரி என்று சொன்னது இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஞானஸ்நானம் ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் என்று முடிவானது. அதற்கு முந்தின வாரம் பாய் ஒரு சின்ன டப்பியை எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளைப் பொடி.

"இது இன்னா பாய், குட்டிகூரா பவுடரா?"

"அக்காங், குட்டிகூரா! இது வேறமா. கண்ல பூசுனா ஒண்ணும் தெரியாது. வெரல்ல தண்ணி தொட்டு வச்சா மயில் நீலம். பாரீஸ் கார்னர்ல வந்து எறங்கிக்குது. எனுக்கே நம்பிக்க இல்லமா, ஒரு தபா போட்டுப் பாத்துட்டு சொல்லு."

எனக்காகவே செய்த சரக்கு என்று நினைத்தேன். கோயிலில் காய்ந்த பொடியாக இருக்கும், அத்தைக்குத் தெரியாது. முடிந்ததும் ஸ்டூடியோவில் ஃபோட்டோ எடுக்கப் போவோம். அங்கே ஒரு விரல் தண்ணீர், மயில் நீலம். அத்தைக்குக் கொடுத்த வாக்கும் போகாது, என் கண்ணும் வெறுமையாக இருக்காது. எனக்கு மூளை இருக்கிறது என்று அன்றைக்கு ரொம்பவே பெருமைப்பட்டேன்.

ஈஸ்டர் பூசையில் தீர்த்தம் தெளிப்பார்கள் என்பது எங்களில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் நனைந்தவள் நான். அது எப்படி மறந்துபோனதோ, இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றோம். ஈஸ்டரன்று ஞானஸ்நான வாக்குறுதிகளைத் திரும்பச் சொல்லணும். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டார். விட்டுவிடுகிறோம் என்றோம். அவனுடைய ஆடம்பரங்களையெல்லாம் விட்டுவிடுகிறீர்களா என்றார். விட்டுவிடுகிறோம் என்று நானும் சத்தமாகத்தான் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, ஃபாதர் வாளியும் இலைக்கொத்துமாகப் பெண்கள் பக்கம் இறங்கி வந்தார். தீர்த்தம் மேலே படணும் என்று எல்லோரும் முகத்தைத் தூக்கினார்கள். பழக்கதோஷம், நானும் தூக்கினேன். அவரும் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

முன்வரிசையில் திரும்பி நின்றிருந்த ஒரு சின்னப் பெண், "மா, அந்த அக்கா கண்ணு நீலமா ஆவுதும்மா" என்றது. அப்போதுதான் எனக்கு டப்பி ஞாபகம் வந்தது. பக்கத்தில் குழந்தையோடு நின்ற அக்கா என்னைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மீதிப் பூசையைத் தரையைப் பார்த்தபடி முடித்தேன்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் அத்தை என் முக்காட்டை விலக்கினார். கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே சுவரில் இருந்த தீர்த்தத் தொட்டியில் தன் முந்தானையை முக்கி, என் கண்ணை அழுத்தித் துடைத்தார். தீர்த்தம் பட்டால் எந்தக் கறையும் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. நீலம் கன்னத்துக்கு இறங்கியது. இன்னொரு முறை முக்கித் துடைத்தார். மூக்கும் நீலமானது. வேடிக்கை பார்த்த ஒரு பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டு, "தீர்த்தம் பட பட ஜாஸ்தி ஆவுதே. இந்தப் பொண்ணுக்குள்ள எதுனா பூந்துகீதா பாருங்க" என்றாள்.

"பேயும் இல்ல பிசாசும் இல்ல. கண்ணுக்குப் போடற பவுடரு" என்றேன்.

அத்தை முந்தானையைப் பிழிந்தார். "இந்த மூஞ்சிய வச்சிகினு எம் பேத்திய தூக்கப் போறியா? எம் பொண்ணு நிக்கட்டும். நீ ஊட்டுக்குப் போயி கழுவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் மகள் பட்டுப்புடவையில் தயாராகத்தான் வந்திருந்தாள்.

கோயில் பின்னால் இருந்த அடிபம்புக்குப் போனேன். பயத்தில்தான் போனேன், மறைக்கமாட்டேன். கழுவிவிட்டால் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைத்து அடித்து அடித்து ஊற்றிக் கழுவினேன். தண்ணீர் பட்டால் நீலமாகிற பொடியைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற முட்டாள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கை, மணிக்கட்டு, கழுத்து எல்லாம் நீலம். அழுகை வந்தது. அழுதால் அந்தத் தண்ணீருக்கும் நீலமாகும் என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது. மூன்று மாசம் வாந்தி அள்ளினபோது என் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அன்றைக்கும் இதே கண்தான், அதிலும் ஏதோ ஒரு மட்டமான சாம்பல் கலர் இருந்தது. அதைப் பார்த்து அக்காதான் படுக்கையில் கிடந்தபடி சிரிப்பாள். அந்த வீட்டில் அந்த மூன்று மாசத்தில் கேட்ட சிரிப்பே அதுதான்.

முகத்தைத் துடைக்காமல் உள்ளே போனேன். முக்காட்டைத் தலையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞானஸ்நானத் தொட்டி அருகில் எல்லோரும் நின்றார்கள். குழந்தைக்கு அந்த வீட்டுப் பரம்பரை கவுன் போட்டிருந்தது. வெள்ளை, லேஸ் வைத்தது. மாமாவும் அவர் தங்கையும் போட்டு ஞானஸ்நானம் வாங்கின கவுன், அத்தை அந்துருண்டை போட்டுக் காத்து வைத்திருந்தது. மாமாவின் தங்கை குழந்தையை வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கொடுக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் என் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "எம் புள்ளைய எந்தங்கச்சிதான் தூக்கும்" என்று சொல்லி என் கையில் வைத்துவிட்டாள். அத்தையை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஃபாதருக்கு இன்னும் ஐந்து குழந்தைகள் வரிசையில் இருந்தன. என்னைப் பார்த்து, "கண்ணுக்கு என்னம்மா?" என்றார்.

"பவுடர் ஃபாதர். தண்ணி பட்டா நீலமாவும்."

"எரியுதா?"

"இல்ல ஃபாதர்."

"சரி" என்று புத்தகத்தைத் திறந்தார்.

மறுபடியும் அதே கேள்விகள். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? விட்டுவிடுகிறேன். அவனுடைய ஆடம்பரங்களையெல்லாம் விட்டுவிடுகிறீர்களா? கோயிலில் மிச்சம் இருந்த அத்தனை பேரும் என் கண்ணைப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் ஒரு நொடி யோசித்தேன், உண்மையாகவே யோசித்தேன். என் இமையில் இருந்தது சாத்தானுடையது இல்லை. கரையான்சாவடி பாய் கடையில் என் சம்பளத்தில் நான் வாங்கினது. "விட்டுவிடுகிறேன்" என்று கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அன்றைக்குக் கவுனின் மார்பில் என் கட்டைவிரல் அச்சு ஒன்று விழுந்துவிட்டது. அத்தை வீட்டுக்கு வந்ததும் ஊறவைத்தார். நனைந்ததும் அது இன்னும் பளிச்சென்று ஆனது. சோப்பு, எலுமிச்சம்பழம், வெயில் எல்லாம் பார்த்தார். காய்ந்தால் ஒன்றும் தெரியாது, ஈரம் பட்டால் விரல் ரேகையோடு எழுந்து நிற்கும். என் முகத்தில் இருந்தது மூன்றாம் நாள் தேங்காயெண்ணெயில்தான் போனது. வெயில்கால வேர்வையில் முகம் காயவே வழியில்லை, அதுவரைக்கும் கம்பெனிக்கு நீலமாகவே போய் வந்தேன். டப்பி எப்படி என்று பாய் கேட்டபோது, "மட்டம். இனிமே யாருக்கும் குடுக்காதீங்க" என்றேன், மனசாரத்தான் சொன்னேன். மிச்சம் இருந்ததை மட்டும் தூக்கிப் போடவில்லை.

மூன்று வருஷம் கழித்து மாமாவின் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. வீட்டு வழக்கம், அதே கவுன்தான் போடணும், அத்தையே எடுத்துக்கொண்டு வந்தார். என் ஞானமகள் என் மடியில் உட்கார்ந்திருக்க, நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஃபாதர் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். அது மார்புக்கு வழிந்ததும் நீலமாக என் கட்டைவிரல் மேலே வந்தது. அத்தை அவசரமாக உள்ளங்கையை வைத்து மறைத்தார். மறைத்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார்.

நானும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அன்றைக்கு நான் பச்சை போட்டிருந்தேன், தண்ணீர் படாமலே தெரிகிற பச்சை.